வாசல் வெளிச்சம்: வீட்டுத் தொழிலுக்குப் பொருட்களைப் படம் எடுக்கக் கற்றல்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளின் துணிக்கடைகளுக்குப் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கடைக்குள் எத்தனை விளக்குகள் எரிந்தாலும், சேலை எடுக்க வந்த பெண்மணி மனத்துக்குப் பிடித்த ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். பகல் வெளிச்சத்தில் அதை விரித்துப் பார்ப்பார். இரண்டு மூன்று விதமாகச் சாய்த்துப் பார்ப்பார். முந்தானைச் சரிகையை விரல்களுக்கு இடையே வைத்துத் தடவிப் பார்த்த பிறகே விலை பேசுவார். வீட்டிலிருந்து பொருள் செய்து விற்பவர் படமெடுப்பதைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்த வாசலடியிலேயே இருக்கிறது. கைப்பேசித் திரையில் பார்க்கிறவரால் பொருளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது, சாய்க்க முடியாது, தொடவும் முடியாது. அவருக்காக இந்த மூன்றையும் நாம் முன்னதாகவே செய்து வைக்கிறோம்; பொருட்படம் என்பது அதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த ஓரளவு நல்ல கைப்பேசி ஒன்று கையில் இருந்தால் கேமராவுக்கு எதுவும் செலவிட வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு இரண்டு வெள்ளைத் தெர்மாகோல் பலகைகள், நான்கைந்து சார்ட் தாள்கள், கைப்பேசியை அசையாமல் பிடிக்கும் ஒரு முக்காலி ஆகியவற்றை வாங்கிக்கொள்வது நல்லது. சேலையை வாசலுக்குக் கொண்டுபோகிறவர் தம் கண்ணை மாற்றிக்கொள்வதில்லை, வெளிச்சத்தைத்தான் மாற்றுகிறார்.

அவர் ஏன் வாசலுக்கு வருகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிறம் உண்டு. அதைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். பழைய குண்டு பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 2700 கெல்வின். அது மஞ்சள் சார்ந்தது. நடுப்பகல் வெளிச்சம் 5500 அளவில் இருக்கும். நம் வீடுகளில் எரியும் வெண்மையான டியூப் லைட்டுகள் பல 6500 அளவில், சற்று நீலம் கலந்து இருக்கும். நம் கண்ணும் மூளையும் இந்த வேறுபாட்டைத் தாமாகவே சரிசெய்துகொள்வதால் நமக்கு அது தெரிவதில்லை. கேமராவும் தன்னளவில் சரிசெய்ய முயலும்; ஆனால் ஒரு பக்கம் சன்னல் வெளிச்சமும் மறுபக்கம் டியூப் லைட்டும் விழும்போது எதற்கு ஏற்பச் சரிசெய்வது என்று அதற்குத் தெரியாது. ஒரு பக்கத்தை இயல்பாக்கினால் மறுபக்கம் நீலமாகும் அல்லது மஞ்சளாகும். பின்னால் எந்தச் செயலியாலும் இரண்டையும் ஒருசேர எளிதில் மீட்க முடியாது. ஆகவே படமெடுக்கும் அறையில் சன்னலைத் திறந்ததும் மற்ற எல்லா விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். பலருடைய படங்கள் இந்த ஒரு செயலாலேயே உடனடியாகத் திருந்திவிடுகின்றன.

சுவரையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் அறைக்கு ஒரு நிறம் அடிப்பது வழக்கம்: கூடத்தில் பச்சை, படுக்கையறையில் ரோசா, அடுக்களையில் நீலம். சன்னல் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும்போது சுவரின் நிறத்தையும் கொண்டுவந்து பொருளின் மேல் பூசிவிடும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருள்ள பழைய தாழ்வாரம் கிடைத்தால் அதைவிடச் சிறந்த படப்பிடிப்புக் கூடம் இல்லை. இல்லாவிட்டால் பொருளைச் சுற்றி வெள்ளைத் தாளை நிறுத்தி, சுவரின் நிறம் வந்து சேராமல் மறைத்துவிடலாம். அல்வாவை வாழையிலையில் வைத்துப் படமெடுக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஆனால் இலையின் பச்சை, நெய் மினுங்கும் அல்வாவின் அடிப்பகுதியில் ஏறி அதன் செம்மையைக் கெடுத்துவிடுகிறது. இலையைச் சற்று விலக்கிப் பின்னணியில் மட்டும் தெரியும்படி வைப்பதே என் வழக்கம்.

வெளிச்சத்தின் நிறத்தைப் போலவே அதன் பருமனும் முக்கியம். சூரியன் மிகப் பெரியது. ஆனாலும் நம் கண்ணுக்கு அது வானில் அரைப் பாகை அகலமே உள்ள ஒரு சிறு வட்டம். அதனால்தான் உச்சிவெயிலில் வைத்த பொருளின் நிழல் கத்தியால் வெட்டியது போல விழுகிறது. சிறிய ஒளிமூலம் கடுமையான நிழலைத் தரும். பெரிய ஒளிமூலம் நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடும். இங்கே சிறியது, பெரியது என்பது பொருளிலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்றடி அகலச் சன்னலுக்கு ஓரடி தள்ளி ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை வைத்தால் பாட்டிலுக்கு அந்தச் சன்னல் ஒரு பெரிய வானம். அதே பாட்டிலை அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனால் அதே சன்னல் சிறு பொட்டாகிவிடும். வெளிச்சமும் வேகமாகக் குறைந்திருக்கும். பொருளைச் சன்னலோரத்துக்கு நகர்த்துங்கள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். கைப்பேசியின் ஃபிளாஷ் ஏன் ஒருபோதும் உதவாது என்பதும் இதே காரணத்தால் விளங்கும்: அது மிளகளவு ஒளிமூலம், அதுவும் கேமராவை ஒட்டியே இருப்பதால் நேர் எதிரிலிருந்து அடிக்கிறது.

வெயில் நேராக விழும் சன்னல் மட்டுமே இருந்தால் அதன் மேல் ஒரு துவைத்த வெள்ளை வேட்டியைக் கட்டிவிடலாம். வெயில் வேட்டியில் பட்டுப் பரவும்போது வேட்டியே விளக்காகிவிடுகிறது. அரைப் பாகைச் சூரியன் நான்கடிச் சூரியனாகிவிடும். கரைவேட்டியாக இருந்தால் கரை சன்னலுக்கு வெளியே போகும்படி மடித்துக் கட்ட வேண்டும். ஆடி மாதத்தில் மட்டும் இது சிரமம். மேற்கிலிருந்து வரும் காற்று வேட்டியைப் பாய்மரம் போல உப்பச் செய்வதோடு தூசியையும் கொண்டுவந்து பொருளின் மேல் இறைக்கும். அந்த மாதத்தில் சன்னல் கதவைச் சாத்தி, கண்ணாடியின் உட்புறம் டிரேசிங் தாளை ஒட்டிக்கொள்வது மேல். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இவை எதுவும் வேண்டாம். வானம் முழுவதும் மேகம் மூடியிருக்கும்போது திண்ணையில் வைத்தே எடுக்கலாம்.

எந்தத் திசைச் சன்னல் என்ற கேள்விக்குப் புத்தகங்கள் வடக்குச் சன்னல் என்று பதில் சொல்லும். அந்த அறிவுரை ஐரோப்பிய ஓவியர்களின் கூடங்களிலிருந்து வந்தது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும் என்பதால் வடக்குச் சன்னலில் நாள் முழுதும் நிதானமான வெளிச்சம் கிடைக்கும். திருநெல்வேலிப் பக்கத்து நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில். ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் வேளையில், நண்பகல் சூரியன் நம் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பிறகு ஆகஸ்டு கடைசி வரை அது உச்சிக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. ஆகவே அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழுவது வடக்குச் சன்னலில். அமைதியான வெளிச்சம் கிடைப்பது தெற்குச் சன்னலில். புரட்டாசி முதல் பங்குனி வரை இது தலைகீழாகிவிடும். அப்போது வடக்குச் சன்னல்தான் நமக்கு ஏற்றது. உங்கள் வீட்டில் ஒரு நாள் முழுவதும் ஒரு சொம்பைச் சன்னலோரம் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் நிழலைப் பார்த்து வாருங்கள். எந்தச் சன்னல் எந்த நேரத்துக்கு உரியது என்பது ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

அடுத்தது சாய்த்துப் பார்ப்பது. அதாவது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை நுண்ணிதாகக் கிழித்துக் கையால் நெய்யும் அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் இணையத்தில் அதன் பக்கத்திலேயே இயந்திரத்தில் நெய்த நெகிழிப் பாயும் விற்பனைக்கு நிற்கும். நேர் மேலே விளக்கைப் பிடித்து எடுத்தால் இரண்டுமே நிறக்கோடுகள் போட்ட வெறும் தாள்களாகத் தெரியும். பாயைத் தரையில் விரித்து, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக, பாயின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி வைத்தால் ஒவ்வொரு கோரையும் தன் மறுபக்கத்தில் மயிரிழை அளவு நிழலைப் போடும். அந்த நிழல்கள் சேர்ந்துதான் பார்க்கிறவரின் விரல்நுனிக்குச் சொரசொரப்பை உணர்த்துகின்றன. நெய்த துணி, பனையோலைக் கொட்டான், காருகுறிச்சிச் சட்டி என மேற்பரப்பில் இழையோ கரடோ உள்ள எதற்கும் இந்தப் பக்கவாட்டு வெளிச்சமே பொருந்தும்.

அல்வாவுக்கு அது போதாது. சம்பா கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்ந்து இறுகிய அல்வா, பாதி வெளிச்சத்தைத் தன்னுள் ஊடுருவ விடும் பொருள். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் அது பழுப்புக் களிமண் போலத் தோன்றும். சன்னலைப் பின்னாலும் சற்றுப் பக்கவாட்டிலும் இருக்கும்படி வைத்து, துண்டை மெலிதாக வெட்டி நிறுத்தினால் ஓரங்கள் கண்ணாடி போல ஒளிரும். நெய்யின் மினுக்கும் மேல்விளிம்பில் ஒரு கோடாகத் தெரியும். செக்கு நல்லெண்ணெய்ப் பாட்டில், தேன், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுக்கும் இதே பின்வெளிச்சம்தான். பாட்டிலின் முன்பக்கச் சீட்டு அப்போது இருண்டுவிடுமே என்றால், கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையைச் சீட்டை நோக்கிச் சாய்த்து வைத்தால் போதும். சன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து எழுத்துகளைத் தெளிவாக்கும். மார்கழிக் காலையில் அல்வாவைப் படமெடுப்பவர்கள் அதை இலேசாகச் சூடாக்கிக்கொள்வது நல்லது. நெய் உறைந்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும் அல்வா, எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழையது போலவே தெரியும்.

இந்தத் தெர்மாகோல் பலகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சன்னலுக்கு எதிர்ப்பக்கம் அதை நிறுத்தினால் நிழல் இலேசாகும். அந்த இலேசு பிடித்துப்போய், நான்கு பக்கமும் பலகை வைத்து நிழலை முழுவதும் துடைத்துவிடத் தோன்றும். நிழலே இல்லாத பொருள் தரையில் நிற்காது. காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல மிதக்கும். நிழல் தெரிய வேண்டும். அதற்குள் இருக்கும் விவரமும் தெரிய வேண்டும். அவ்வளவே அளவு.

பளபளக்கும் பொருட்கள் தனி வகை. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்கள் அரக்கு மெருகேறி வழவழவென்று இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கும் எவர்சில்வர்ப் பாத்திரமும் இதே இனம். இவற்றைப் படமெடுக்கும்போது கேமராவில் விழுவது பொருள் மட்டுமன்று, அதில் தெரியும் நம் அறையும்தான்: சன்னல் கம்பி, மின்விசிறி, படமெடுப்பவரின் முகம். ஒளி எந்தக் கோணத்தில் வந்து படுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பும் என்பது பள்ளியில் படித்த விதி. கேமரா இருக்கும் இடத்திலிருந்து பொருளின் மேற்பரப்பைப் பார்த்து, அது எதைக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வெள்ளைத் தாளையோ வேட்டியையோ தொங்கவிட வேண்டும். சொப்புக் குடத்தின் வயிற்றில் சன்னல் கம்பிக்குப் பதிலாக நீண்ட, மென்மையான ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் விழும்போது அதன் உருண்டை வடிவமும் மெருகும் ஒருசேரத் தெரியும்.

கேமரா வெளிச்சத்தை எப்படி அளக்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். தான் பார்ப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில் அந்த அளவீடு நெடுங்காலமாக அமைந்திருக்கிறது; ஒளிப்படப் பாடங்களில் அதை 18 விழுக்காட்டுச் சாம்பல் என்பார்கள். கைப்பேசிகள் இன்று இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் கணக்கிட்டாலும் அடிப்படைச் சாய்வு இன்னும் போகவில்லை. வெள்ளைத் தாளின் மேல் வெள்ளை இடியாப்ப மாவுப் பொட்டலத்தை வைத்தால் வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று நினைத்து அதை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். கடப்பாக்கல்லின் மேல் கருப்பட்டியை வைத்தால் இருட்டு என்று எண்ணி அதை வெளுக்கச் செய்துவிடும். திரையில் பொருளைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சிறு சூரியக் குறி வரும். வெள்ளைப் பொருளுக்கு அதைச் சற்று மேலேயும் கருத்த பொருளுக்குச் சற்றுக் கீழேயும் நகர்த்த வேண்டும். அடர்சிவப்புச் சேலைக்கும் கீழேதான் நகர்த்த வேண்டும். வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலையின் சிவப்பு உடலில் பூவேலைப்பாடு தெரியாமல் ஒரே சிவப்புக் கறையாகிவிட்டால், பெரும்பாலும் அங்கே வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று பொருள். சேலை திரை முழுதையும் அடைக்கும்போது கேமரா நிறத்தையும் தவறாகக் கணிக்கும். முதல் படத்தில் மட்டும் சேலையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துக்கொண்டு, பின்னர் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை திருத்தி, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் செய்துகொள்ளலாம்.

தொலைவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. பொருள் திரையை நிறைக்க வேண்டும் என்று அதை மிக அருகில் கொண்டுபோனால் முன்பக்கம் உப்பிப் பின்பக்கம் சுருங்கும். சதுரப் பெட்டி கோணலாகும். இரண்டு மடங்கு பெரிதாக்கும் வசதியைத் தேர்ந்துகொண்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றால் வடிவம் நேராகிவிடும். பின்னணியைச் செயற்கையாக மங்கச் செய்யும் போர்ட்ரெய்ட் முறையைப் பொருட்களுக்குத் தவிர்க்கலாம். ஓலைக் கொட்டானின் காதையும் பாயின் ஓரக் குஞ்சத்தையும் அது பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். பாயையும் நெருக்கமாக நெய்த துணியையும் எடுக்கும்போது, அவற்றில் இல்லாத அலையலையான கோடுகள் படத்தில் தோன்றலாம். நெசவின் ஒழுங்கும் கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லின் ஒழுங்கும் மோதுவதால் வரும் போலித் தோற்றம் அது. சற்று நெருங்கியோ விலகியோ கோணத்தை மாற்றியோ எடுத்தால் மறையும். எடுக்கும் முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைப்பதை ஒருநாளும் மறக்கக் கூடாது. அடுக்களையில் புழங்கும் கைப்பேசியில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் இருப்பதில்லை.

இனித் தொட்டுப் பார்ப்பது. ஒரே படத்தால் இது நிறைவேறாது. வாங்குகிறவர் கையில் எடுத்தால் என்னென்ன செய்வார் என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். கருப்பட்டி வாங்குகிறவர் அதை உடைத்துப் பார்ப்பார். ஆகவே சிரட்டையில் வார்த்த முழு வட்டுக்குப் பக்கத்தில் உடைத்த துண்டு ஒன்று, உட்பக்கம் தெரியும்படி இருக்க வேண்டும். முந்திரிக்கொத்தைப் பிட்டு உள்ளே இருக்கும் பாசிப்பயற்றுப் பூரணத்தைக் காட்ட வேண்டும். சேலையைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்ட வேண்டும். அளவு தெரிய ஒரு கை படத்தில் வருவது நல்லது. அளவுகோலை விடக் கையைத்தான் மக்கள் நம்புகிறார்கள். உணவுப் பொருளென்றால் பொட்டலத்தின் பின்பக்கத்தையும், சேர்மானங்களும் தயாரித்த நாளும் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் படிக்கும்படி, தனியே எடுத்துப் போட வேண்டும். அழகில்லாத படம்தான், ஆனால் முன்பின் அறியாதவரிடம் முதன்முறையாக வாங்குகிறவர் அதைத் தேடிப் பார்ப்பார்.

பின்னணிக்கு வீட்டில் இருப்பவையே போதும்: மனைப்பலகை, முறம், கடப்பாக்கல், வெளுத்த பருத்தித் துணி. பொருளோடு பழக்கமில்லாத எதையும் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. வத்தல் பொட்டலத்துக்கு அருகே ரோசாப்பூவுக்கு வேலை இல்லை. பெரிய இணையச் சந்தைகளில் விற்க நினைப்பவர்களுக்கு மட்டும் இந்த உரிமை முழுதாகக் கிடைக்காது. அமேசான் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணியைக் கேட்கிறது. பொருள் படத்தில் 85 விழுக்காட்டையாவது நிறைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கு வெள்ளைச் சார்ட் தாளின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மறுமுனையை மேசைமேல் வளைந்து இறங்க விட்டால், சுவரும் மேசையும் சேரும் கோடு தெரியாது.

எடுத்த படத்தைத் திருத்துவதில் நான் கண்டிப்பானவன். வெளிச்சத்தைக் கூட்டலாம், சாய்வை நேராக்கலாம், ஓரத்தை வெட்டலாம். நிறத்தை உண்மைக்கு அருகே கொண்டுவரத் திருத்தலாம். உண்மையைவிட அழகாக்கத் திருத்தக் கூடாது. ஊறுகாயைச் செக்கச்செவேலென்று ஆக்கும் ஃபில்டர் முதல் விற்பனையைக் கொண்டுவரும். பாட்டிலைத் திறந்தவர் அடுத்த பாட்டிலைக் கேட்கமாட்டார். திருத்திய படத்தையும் பொருளையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் படத்தை வேறொருவர் கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். திரைக்குத் திரை நிறம் மாறும்.

வலைப்பூவில் எழுதுகிறவர்களுக்கு விற்பனைப் படத்தோடு செய்முறைப் படங்களும் தேவைப்படும். கோதுமைப் பால் எடுப்பது, பாகு பதம் வருவது, அல்வா வாணலியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வருவது என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் போதும். எல்லாவற்றையும் ஒரே கோணத்திலிருந்து எடுத்தால் படிக்கிறவருக்கு மாற்றம் எளிதில் விளங்கும். அடுப்புக்கு மேலே கைப்பேசியைப் பிடித்தால் ஆவி லென்ஸை மூடும். பக்கவாட்டில் நின்று எடுங்கள். பக்கம் விரைவில் திறக்கும் பொருட்டுப் படத்தை 1200 பிக்சல் அகல அளவுக்குச் சிறிதாக்கி ஏற்றலாம். மூலப்படத்தை மட்டும் அழிக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுட்பம் போய்விடும்; எச்.டி. என்ற தெரிவையோ ஆவணமாக அனுப்பும் வழியையோ பயன்படுத்தினால் கோரையின் இழை அப்படியே போய்ச் சேரும்.

ஒருமுறை எடுத்த படத்தையே ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டியை வாங்கி விற்பவருக்குத் தெரியும், பதநீர்க் காலத்தில் புதிதாக வந்ததற்கும் மாதக்கணக்கில் பரணில் இருந்ததற்கும் நிறத்தில் எவ்வளவு வேறுபாடு என்று. கையால் செய்யும் பொருள் எதுவும் இப்படித்தான். ஒரு வார்ப்பு மற்றொன்றைப் போல இருக்காது. சரக்கு மாறும்போதெல்லாம் படத்தையும் மாற்ற வேண்டும். சன்னலும் வேட்டியும் பலகையும் எங்கே இருக்க வேண்டும் என்று மேசைமேல் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை அது பத்து நிமிட வேலைதான்.